ஒட்டுத் தெரியாமல்

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று அந்தியூரில் கல்யாணம். அழைப்பிதழ் வடிவமைப்பு, மண்டப வாசல் திரை, யூடியூப் நேரலை, ட்ரோன், போட்டோ, வீடியோ எல்லாமே என் பொறுப்பு. கேமராவுக்கு மட்டும் இரண்டு பேரைக் கூலிக்குக் கூட்டிப்போனேன். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மைக் இரைந்தது. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒயரை மாற்றிச் சரிசெய்துவிட்டு ஓடிவந்து மறுபடி கேமராவைப் பிடித்தேன்.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது கல்யாணப் பெண் ஹரிணியின் அக்கா, சுகந்தி டீச்சர். மாப்பிள்ளை வீட்டார் கோபியில் இரண்டு ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள். ஈரோட்டிலிருந்து பெரிய ஸ்டூடியோவை வரவழைக்கலாம் என்றார்களாம். டீச்சர் விடவில்லை. போன வருடம் அவர் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் ஒருத்தியே ஒளி, ஒலி, நாடகத்துக்குப் பின்குரல் வரை பார்த்ததை ஞாபகம் வைத்திருக்கிறார். "தேவகிக்குத் தெரியாத வேலையே இல்லீங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் எனக்கு முன்னாலேயே சொன்னார்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஓசூரில் இருக்கும் என் அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், "ஏதாச்சும் ஒரு வேலைய உருப்படியாப் புடிச்சுக்க. எந்தங்கச்சி என்ன பண்றான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்பான்.

தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கிறது. நாளை முழுக்கத் தூக்கம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாப்பிள்ளையின் அம்மா சரோஜினியம்மா வரச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் இட்லி வைத்தார்கள். வேண்டாம் என்றால் விடவில்லை. தை மாதம் மூன்றாவது கடை திறக்கிறார்களாம். இணையதளம், விளம்பரப் படம், கடைத் திரைகள், சேலைகளுக்குப் போட்டோ என்று வருடம் முழுக்க வேலை இருக்கும்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொருத்தரத் தேடிக்கிட்டு எங்க கண்ணு போறது? ஒரே ஆளு பாத்துக்கிட்டா எங்களுக்கும் நிம்மதி" என்றார்.

அப்புறம் கல்யாணப் படங்களைப் பார்த்தோம். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். டீச்சர் இருக்கும் படங்கள் வரும்போது மட்டும் சரோஜினியம்மாவின் கை காபி டம்ளரில் நின்றது. டீச்சருக்கு நெற்றியிலிருந்து கழுத்து வரையும் இரண்டு கைகளிலும் வெண்புள்ளி உண்டு.

"அந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. தங்கமான புள்ள. தாயில்லாத குறை தெரியாம தங்கச்சிய வளத்தியிருக்குது. ஆனா சின்னவனுக்குப் பொள்ளாச்சியில பேசிக்கிட்டிருக்கறோம். அவங்க வந்தா மொதல்ல ஆல்பத்தத்தான் எடுப்பாங்க. சம்பந்தி வீட்டுல பரம்பரையா இருக்குதுன்னு ஒரு பேச்சு வந்திருச்சுன்னா?"

டீச்சரை எடுத்துவிட வேண்டுமாம். படத்திலிருந்தும் வீடியோவிலிருந்தும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

செப்டம்பர் 10, புதன்

மனசு கேட்கவில்லை. ஹரிணிக்குப் போன் செய்தேன். பெண் வீட்டார் சம்மதம் இல்லாமல் செய்தால் நாளைக்குப் பேச்சு என்மேல்தானே வரும்.

விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ குக்கர் மூடியை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தை சொன்னாங்களாக்கா?"

"ஆமா. நீ வேண்டாம்னு சொன்னா நான் வேற மாதிரி பேசிப் பாக்கறேன்."

"இல்லீங்கக்கா. பண்ணிருங்க. நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு நாளாச்சு. இப்பவே என்னத்தப் பேசறது?"

"டீச்சருக்கு?"

"நான் சொல்லிக்கறேன். அவ போட்டோவெல்லாம் பாக்கற ஆளே இல்லீங்கக்கா. பெருசா எடுத்துக்க மாட்டா."

பெண்ணே சொல்லிவிட்டாள். இனி எனக்கென்ன.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆல்பத்துக்கென்று பிரித்து வைத்த இருநூறு படங்களில் நூற்றுப் பதினேழில் டீச்சர் இருக்கிறார். ஓரத்தில் நிற்பவராக இருந்தால் வெட்டிவிடலாம். இவர் நடுவில் இருக்கிறார். மாலையைச் சரிசெய்கிறார், விளக்குக்கு எண்ணெய் விடுகிறார், ஹரிணியின் நெற்றி வியர்வையை ஒற்றுகிறார், தட்டு ஏந்துகிறார், குனிந்து புடவை மடிப்பை நீவிவிடுகிறார். கேமராவைக் கண்டால் நிமிர்ந்து நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். முந்தானையால் கழுத்தை மூடலாம் என்றுகூடத் தோன்றியதில்லை போலிருக்கிறது.

இன்று இருபத்திரண்டு முடித்தேன். அவர் நின்ற இடத்தில் வாழை மரம் வந்துவிட்டது. இன்னொன்றில் தூண். தாலி கட்டும் படத்தில் அவர் கை மட்டும் தட்டைப் பிடித்திருந்தது. தட்டு இல்லாமல் அந்தப் படம் கிடையாது. ஹரிணியின் சித்தி வேறொரு படத்தில் தாம்பாளம் பிடித்திருந்தார், அவர் கையை எடுத்து இங்கே வைத்தேன். வளையலின் நிழல் வரை பொருந்திவிட்டது. ஈரோட்டு ஸ்டூடியோக்காரர்கள் யாரும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 13, சனி

மாட்டுத் தீவன விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தேன். பசுவே பேசுவது போல. மூன்றாவது முறையில் சரியாக வந்தது.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் காலையிலிருந்து அதே வேலை. நடுவில் பல் மருத்துவமனை முகப்புப் பலகைக்கு எழுத்துப் பிழை திருத்தி அனுப்பினேன்.

ஒரு படம் சரியாக வரவில்லை. ஹரிணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். டீச்சர் காதில் ஏதோ சொன்னதற்குச் சிரித்தது அது. டீச்சரை எடுத்த பிறகு எதிரே வெறும் திரைச்சீலை. பெண் திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பைத்தியம் போல இருக்கிறது. அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்தே நீக்கிவிட்டேன்.

வீடியோவில் ஆளை எடுப்பது இதைவிடக் கடினம். முடிந்த இடத்தில் வெட்டினேன். முடியாத இடத்தில் படத்தைப் பெரிதாக்கி அவரை விளிம்புக்கு வெளியே தள்ளினேன். ஏழு இடங்களில் மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாக உட்கார்ந்து அழிக்க வேண்டியிருந்தது. தாலி கட்டும் இடத்தில் தட்டுக்கு இங்கும் சித்தியின் கையையே வைத்தேன். குரல் வேறு. "ஹரிணி, இங்க பாரு சாமி" என்று எல்லா இடத்திலும் கேட்கிறது. அங்கெல்லாம் நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் சுகந்தி டீச்சர். கையில் ஒரு தூக்குப் போசி.

"கச்சாயம் சுட்டனுங்க. நீங்க தனியா இருந்துக்கிட்டு ஓட்டல்ல தின்னுட்டு இருப்பீங்கன்னு..."

திரையில் வரவேற்புப் படம் பாதி வேலையில் இருந்தது. டீச்சரின் தலை போய்விட்டிருந்தது, புடவை மட்டும் நின்றது. ஓடிப்போய்த் திரையை அணைத்தேன்.

"என்னங்க, ரகசியமா?" என்று சிரித்தார்.

"முடியறதுக்கு முன்னாடி காட்டினா நல்லாருக்காதுங்க டீச்சர்."

"சரி சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஹரிணி கார் ஏறறப்ப எங்கழுத்தக் கட்டிக்கிட்டா பாருங்க, அத ஒண்ணு பெருசாப் போட்டுக் குடுங்க. ஹால்ல மாட்டோணும். அவ போனதுக்கப்புறம் வீடு கம்முனு கெடக்குது."

போட்டுவிடலாம் என்றேன். ஹரிணி இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் சொல்வது முறையில்லை. அது அக்கா தங்கச்சிக்குள் உள்ள விஷயம்.

கச்சாயம் வெல்லம் மணக்க நன்றாக இருந்தது. நான்கு தின்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆல்பம் அச்சுக்குப் போயிற்று. யூடியூபில் இருந்த நேரலைப் பதிவையும் நீக்கிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தலை தீபாவளிக்கு அழைக்கப் பெண் வீட்டார் இன்று கோபிக்கு வந்தார்கள். அவர்களையும் வைத்துக்கொண்டே வீடியோ போட்டுவிடலாம் என்று சரோஜினியம்மா என்னைத் திரையோடும் புரொஜெக்டரோடும் வரச் சொல்லியிருந்தார். கூடத்தில் இருபது பேர் இருப்பார்கள். ஹரிணி மாப்பிள்ளை பக்கத்தில் சோபாவில். அவள் அப்பா நாற்காலியில். டீச்சர் மற்ற பெண்களோடு கீழே பாயில், எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்தார். பாட்டில் பச்சைப் புடவை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே ஹரிணி சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது.

வீடியோ நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் டீச்சர் சிரித்துக்கொண்டே பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பு வந்தது. அன்று ஆரத்தி எடுத்தவர் டீச்சர். திரையில் ஆரத்தி இல்லை, நேராக மாப்பிள்ளை உள்ளே வந்துவிட்டார். டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். தாலி கட்டும்போது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தட்டைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அசையவில்லை.

கார் ஏறும் இடத்தில் ஹரிணி யாரையும் கட்டிக்கொள்ளாமல் அழுதுகொண்டு ஏறுகிறாள்.

முடிந்ததும் விளக்கைப் போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். தாராபுரத்திலிருந்து வந்திருந்த, பெண் வீட்டு உறவான குப்புசாமி மாமா, கண் ஆபரேஷன் செய்திருந்ததால் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர். அவர்தான் கேட்டார்.

"ஏம்புள்ள சுகந்தி, உன்னய எங்கயுமே காணமே? கல்யாணத்துக்கு வல்லியா நீயி?"

கூடத்தில் பாதிப் பேர் கல்யாணத்தில் டீச்சர் பரிமாறிச் சாப்பிட்டவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹரிணி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பள்ளிக்கூடத்துல லீவு குடுக்கலீங்ளாமா" என்றார் சரோஜினியம்மா, சாதாரணமாக.

டீச்சர் ஹரிணியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"ஆமாங் மாமா. அன்னிக்கு நான் வல்லீங்" என்றார் டீச்சர்.

"அதெப்பிடிப் புள்ள? கூடப் பொறந்தவ கல்யாணத்துக்கு..." என்று மாமா விடாமல் திட்டினார். டீச்சர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அருகில் வந்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க தேவகி. ஒட்டே தெரியல" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

டீச்சர் போன் செய்தார்.

"ஆல்பத்தப் பத்தி ஒண்ணுமில்லீங்க. அது அவங்க வீட்டு ஆல்பம். நீங்க மொதல்ல எடுத்த படம் இருக்குமில்லீங்க, மாத்தறதுக்கு முன்னாடி? அதுல எனக்கு நாலஞ்சு குடுங்க. எங்க வீட்டுக்குள்ளயே வெச்சுக்கறேன், யாருக்கும் காட்ட மாட்டேன்."

மூலப் படங்கள் யார் கைக்கும் போகக் கூடாது என்று சரோஜினியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது கடை வேலை இன்னும் கைக்கு வரவில்லை.

"அழிச்சிட்டேனுங்க டீச்சர். இடம் பத்தாது. வேலை முடிஞ்சதும் அழிச்சிடறது வழக்கம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரிங்க" என்றார். பிறகு, நான் சாப்பிட்டுவிட்டேனா என்று கேட்டார். தீபாவளிக்குத் தான் ஊரில் இருக்க மாட்டேன் என்றும், சேலத்தில் ஒரு தோழி கூப்பிட்டிருக்கிறாள் என்றும், கேட்காமலே சொன்னார்.

அழிக்கவில்லை. எப்போதும் ஒரு வருடம் வைத்திருப்பேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அண்ணன் ஓசூருக்குக் கூப்பிட்டான், போகவில்லை. ஹரிணி தலை தீபாவளிப் படங்களை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். அந்தியூர் வீட்டு வாசல். அப்பா, மாப்பிள்ளை, சரோஜினியம்மா, சின்ன மகன், பொள்ளாச்சிக்காரர்களாக இருக்க வேண்டும், புதுமுகங்கள் சில. டீச்சர் எதிலும் இல்லை.

இவற்றில் நான் கை வைக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மூன்றாவது கடைக்கு என்னென்ன செய்யலாம் என்று முப்பது பக்கத்துக்குத் தயாரித்துக்கொண்டு போனேன். கடை முகப்பு எப்படி இருக்கும் என்று முப்பரிமாணப் படம்கூடப் போட்டிருந்தேன். சரோஜினியம்மா புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா கோயமுத்தூருல ஒரு கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க."

"நீங்க எங்கிட்டச் சொன்னீங்களேம்மா. அதனாலதான் நான் அந்த வேலையைக்கூட..."

"எந்த வேலைய?"

"டீச்சரை எடுக்கச் சொன்னீங்களே."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "கண்ணு, அந்தப் புள்ள இருக்கற படமெல்லாம் ஆல்பத்துல வேண்டாம், மத்ததப் போட்டுக்கலாம்னுதான நாஞ் சொன்னேன். 'அப்பிடி வெட்டுனா ஆல்பமே தேறாதும்மா, ஆளையே எடுத்தரலாம், வீடியோவுலயும் எடுத்தரலாம், ஒருத்தருக்கும் தெரியாது'ன்னு சொன்னது நீதான? எனக்கு அப்பிடியொண்ணு முடியும்னே அன்னிக்கு வரைக்கும் தெரியாது."

முப்பது பக்கத்தையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

"தப்பா நெனச்சுக்காத. நீ கெட்டிக்காரிதான். ஆனா எதச் சொன்னாலும் முடியும்ங்கற ஆளு கையில கடையக் குடுக்கறதுக்கு எம்பையன் பயப்படறான். நாளைக்கு எங்களயே எடுத்துட்டீன்னா?" என்று சொல்லிச் சிரித்தார். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அன்றைக்கு அப்படி நான் சொல்லியிருக்கலாம். சரியாக ஞாபகமில்லை. வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்டால் அதைவிட நல்ல வழி இருந்தால் சொல்வதுதான் தொழில்.

அக்டோபர் 29, புதன்

ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 8, சனி

டீச்சர் வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்றார்.

"இங்க வேலைய விட்டர்றீங்களா டீச்சர்? பதினாலு வருஷம்..."

"பசங்களோட அப்பா அம்மாவெல்லாம் அவங்க யூடியூபுல போட்ட கல்யாண வீடியோவப் பாத்திருக்காங்க. ஏன் போகலன்னு கேக்கறாங்க. எத்தன பேருக்குத்தான் லீவு கெடைக்கலன்னு சொல்றது? எங்க ஹெட்மாஸ்டரே அன்னிக்குப் பந்தியில உக்காந்து சாப்பிட்டவருங்க."

ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தேன். திரையில் வந்ததும் எழுந்து வந்து பார்த்தார்.

"முகத்துல இருக்கறத எடுத்துருங்க. கழுத்துலயும்."

"வேண்டாங்க டீச்சர். நேர்ல போறப்பத் தெரியத்தானே போகுது?"

"மொதல்ல நேர்ல கூப்புடட்டுங்க. அத்தன பேருக்கு நடுவுல இருந்து என்னய எடுத்தீங்க, இது என்ன பெரிய வேலையா உங்களுக்கு?"

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். செய்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இவங்களுக்கு வேல குடுப்பாங்க" என்றார்.

எட்டுப் பிரதி எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் படி இறங்கும்போது, அந்தப் பழைய படங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பல் மருத்துவமனையிலிருந்து பிரிண்டர் சிக்கிக்கொண்டது என்று போன் வந்துவிட்டது.

நவம்பர் 26, புதன்

டீச்சரைக் கடைவீதியில் பார்த்தேன். நானாகப் போய்த்தான் பேசினேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்களாம், போனாராம்.

"விண்ணப்பத்தையும் என்னயும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. போட்டோவுல இருக்கறது நீங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றதுங்க? படத்தையே மாத்திக் குடுக்கறவங்கள நம்பி எப்பிடிப் புள்ளைங்கள விடறதுன்னு அவங்க கேட்டது நாயந்தானே? எந்திரிச்சு வந்துட்டேன்." பை கனத்தது போலிருக்கிறது, தோள் மாற்றிக்கொண்டார். "தருமபுரியில இன்னொரு பள்ளிக்கூடம் இருக்குது. அதுக்கு வேற போட்டோ வேணும். அன்னிக்கு மொதல்ல எடுத்தத, மாத்தாததக் குடுங்க."

அது இல்லை. அன்று மாற்றியதை அதன் மேலேயே சேமித்துவிட்டேன். இதை மட்டும் நிஜமாகவே அழித்துவிட்டிருந்தேன். மறுபடி வந்து உட்கார வேண்டும் என்று சொன்னேன்.

"வர்றனுங்க" என்றார்.

நவம்பர் 29, சனி

பத்து மணிக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். விளக்கைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"டீச்சர், கல்யாணப் படமெல்லாம் இருக்குது. நான் அழிக்கல. அன்னிக்குப் பொய் சொன்னேன். எல்லாம் அப்படியே இருக்குது, கார்கிட்ட ஹரிணி உங்களக் கட்டிக்கிட்டது, எல்லாம். இப்பவே போட்டுத் தர்றேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

"எனக்கு எதுக்குங்க இனி? எந்தச் செவுத்துல மாட்டறது? அது உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க எடுத்துப் பாருங்க."

"டீச்சர்..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. எடுங்க."

நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எடுத்தேன். முதல் இரண்டும் ஆடிவிட்டன. மூன்றாவதுதான் தெளிவாக வந்தது. எதையும் தொடாமல் அப்படியே அச்சிட்டுக் கொடுத்தேன்.

கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.